பொற்காசின் மேனி

கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பிச் சென்று 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சியில் புழங்கிய மூன்று வகை நாணயங்களை விவரித்திருக்கிறார். கண்டிக்குத் தெற்கே எலதெத்த என்ற ஊரில் வீடும் நிலமும் வைத்துக்கொண்டு, கொடுக்கல் வாங்கல் செய்து பிழைத்தவர் அவர். ஆகவே இந்த விவரம் காதால் கேட்டு எழுதியதன்று, கையாண்டு பார்த்தவர் எழுதியது. போர்த்துக்கேயர் அடித்த வெள்ளிக்காசு ஒரு வகை. தூண்டில் முள் வடிவில் வளைத்த வெள்ளிக் கம்பி இரண்டாவது வகை. அரசனின் அனுமதியோடு அதை யாரும் செய்யலாம், விரும்பிய முத்திரையைப் பதிக்கலாம். மூன்றாவது, அரசனுக்கே உரிய சின்னஞ்சிறு பணம். அதை வேறு யாராவது அடித்தால் மரணதண்டனை. வெள்ளிக் கம்பியில் சந்தேகம் வந்தால் அதை நெருப்பில் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெள்ளைவெளேரென்று வெளியே வராவிட்டால் செல்லாது. இதன் பின்னால் இருக்கும் இரசாயனம் எளியது. எவ்வளவு காய்ச்சினாலும் வெள்ளி காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்துக் கறுப்பதில்லை. அதில் கலந்த செம்பு கறுத்துவிடும். அடுப்பும் ஒரு சட்டி தண்ணீரும் மட்டுமே தேவைப்பட்ட அந்தச் சோதனை அக்காலத்துக்கு மிகச் சிறந்த ஒன்று.

தூண்டில் நாணயத்துக்கு இந்தத் தீச்சோதனை போதும். யார் செய்தார் என்ற கேள்வியே அங்கு எழவில்லை; உலோகம் நல்லதா என்பது மட்டுமே தெரியவேண்டும். அரசனின் பணத்துக்கு அது போதாது. அரசன் பயன்படுத்திய அதே உலோகத்தில், அதே நிறையில், இன்னொருவர் அடித்த பணமும் தீயில் தேறிவிடும். ஆயினும் அது கள்ளப்பணம்தான். பழைய பொற்காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது அசலா?’ என்று கேட்கும்போது நாம் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பொன் அசலா என்பது ஒன்று, காசு அசலா என்பது வேறு. முதலாவதற்கு உரைகல்லும் தராசும் விடை சொல்லும். இரண்டாவதற்கான விடை காசின் மேனியில் இருக்கிறது, அதுவும் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத தடிப்பில். முதற்கேள்விக்கு விடை தேடும் அவசரத்தில் இரண்டாம் கேள்விக்குரிய சாட்சியை நாமே அழித்துவிடுகிறோம் என்பதுதான் இங்கே நான் நிறுவ விரும்புவது.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். பழைய பொற்காசு என்றால் இலங்கையில் உடனே நினைவுக்கு வருவது பிரித்தானியப் பவுண் காசு. 1817இல் தொடங்கி அடிக்கப்பட்ட இந்தக் காசின் நிறை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீற்றர், தரம் 22 கரட். அதாவது 12 பங்கில் 11 பங்கு தங்கம், மிச்சம் பெரும்பாலும் செம்பு. நகைக்கடையில் நாம் இன்று பேசும் 8 கிராம் பவுண் இந்தக் காசின் நிறையை முழு எண்ணாக்கியதுதான். கண்டியில் ஒரு நகைத் தொழிலாளி இதைச் சோதிக்கும் முறை நூற்றாண்டுகள் பழையது: காசின் விளிம்பை உரைகல்லில் இழுத்து, விழும் கோட்டை மாற்றுத் தெரிந்த ஆணியின் கோட்டோடு ஒப்பிட்டு, அமிலத் துளி விட்டு எது முதலில் மங்குகிறது என்று பார்ப்பார். தேர்ந்த கையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு வேறுபாடுகூடப் பிடிபடும். ஆனால் கல்லில் விழும் கோடு மேல்தோலின் கோடு. மேலே தடித்த முலாமும் உள்ளே வேறு உலோகமும் இருந்தால் கல் ஏமாறும், அல்லது ஏமாறாதிருக்கக் காசை ஆழமாக அரத்தால் கீறவேண்டும்.

கீறாமல் உள்ளே பார்க்கும் வழி ஆர்க்கிமிடிசு காலத்திலிருந்து இருக்கிறது. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசின்மேல் தண்ணீர்க் கோப்பையை வைத்து அளவைப் பூச்சியமாக்க வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் முட்டாமல் முழுதாக மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் நிறை. 22 கரட் தங்கத்தின் அடர்த்தி, செம்பு கலந்ததாயின், தண்ணீரைப்போல் சுமார் 17.6 மடங்கு. எனவே அசல் பவுண் 0.45 கிராம் என்று காட்டவேண்டும். அதே நிறையில் செம்பும் வெள்ளியும் கலந்த 18 கரட் காசைத் தொங்கவிட்டால் தராசு 0.52 என்று காட்டும். இந்த வேறுபாட்டை மலிவான தராசுகூடத் தவறவிடாது. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25, தூய தங்கத்தின் 19.32க்கு மிக நெருக்கம். ஆகையால் பெரிய தங்கக் கட்டிகளுக்குள் அதை ஒளிப்பவர்கள் உண்டு. மெல்லிய சிறு காசில், நுணுக்கமான உருவம் அச்சில் எழும்பும்படி, இறுகி நொறுங்கும் அந்த உலோகத்தை ஒளிப்பது எளிதில்லை. தண்ணீர்ச் சோதனை நம்பத்தக்கது. காசின் மேனியில் ஒரு கீறல்கூட விழாது என்பதால் நான் இதை மற்றெல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன்.

இவ்வளவிலும் தேறிய காசு அசல் பவுண் ஆகிவிடுமா? ஆகாது என்பதற்கு வரலாறே சான்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவிலும் பவுண் காசு அதிலுள்ள தங்கத்தின் விலையைவிடக் கூடிய விலைக்குப் போனது. அந்த இடைவெளியே இலாபமாக, இத்தாலியிலும் லெபனானிலும் கள்ள அச்சாளர்கள் முழு நிறையில், முழுத் தரத்தில் பவுண் காசு அடித்தார்கள். பிரித்தானிய அரச நாணயச்சாலை 1957இல் மீண்டும் ஒழுங்காகப் பவுண் அடிக்கத் தொடங்கியதற்கு இந்தக் கள்ளக்காசுகளை முறியடிக்கும் நோக்கமும் ஒரு காரணம். அந்தக் காசுகள் உரைகல்லில் தேறும், தண்ணீரிலும் தேறும்.

தங்கம் குறையவில்லையே, வாங்கியவருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். அடைவுக்கடைக்காரருக்கும் உருக்கி விற்பவருக்கும் இந்தக் கேள்வி நியாயமானது, அவர்களுக்கு நட்டம் இல்லை. ஆனால் காசு காசாகக் கைமாறும் இடத்தில் நட்டம் பெரிது. 1917ஆம் ஆண்டுப் பவுணை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் இலண்டனில் அடித்தவற்றில் தப்பி நிற்பவை மிகச் சில. அவுஸ்திரேலியாவில் அடித்தவை ஏராளம். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஓர் எழுத்து. குதிரைமேல் புனித ஜோர்ஜ் அமர்ந்திருக்கும் பக்கத்தில், ஆண்டெண்ணுக்கு மேலேயுள்ள நிலக்கோட்டின் நடுவே, சிட்னிக்கு எஸ், மெல்பேர்ணுக்கு எம், பேர்த்துக்கு பி, கனடாவின் ஒட்டாவாவுக்கு சி என்று பொடி எழுத்து இருக்கும். இலண்டனுக்கு எழுத்தே இல்லை. ஆகவே எழுத்தில்லாத 1917ஐக் கள்ள அச்சில் அடிப்பவர்கள் உண்டு. அசல் அவுஸ்திரேலியக் காசிலிருந்து எழுத்தைச் சுரண்டி எடுத்தும் அதை ‘உருவாக்கி’ விடலாம். இரண்டாவது வகையில் தங்கம் அசல், நிறை அசல், அடித்த நாணயச்சாலைகூட அசல். பொய் இருப்பது அரை மில்லிமீற்றர் அகலமான ஒரு திட்டில் மட்டும். அதை எந்தத் தராசும் காட்டாது. 1918இல் பம்பாயில் அரச நாணயச்சாலையின் கிளை சுமார் 13 இலட்சம் பவுண் அடித்தது. அதன் எழுத்து ஐ. அந்த ஒரே ஆண்டோடு பம்பாய்ப் பவுண் நின்றுவிட்டது. இந்தியாவோடு இவ்வளவு நெருங்கிய வணிகம் வைத்திருந்த நம் நாட்டில், தோட்டத்து வீட்டுப் பெட்டகத்திலோ கண்டிப் பட்டினத்துக் குடும்பத்தின் தாலிக்கொடியிலோ அந்த எழுத்துள்ள காசு இருந்தால் வியப்பில்லை. உருக்குமுன் அந்த எழுத்தைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

இனி மேனியைப் படிக்கும் முறைக்கு வருவோம். காசு அடிக்கப்படும் கணத்தில் வெற்று வில்லையின் உலோகம் பேரழுத்தத்தில் மெழுகுபோல் இளகி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. ஆயிரக்கணக்கான வில்லைகள் அப்படி ஓடி உரசியதில் அச்சின் முகத்திலும் நடுவிலிருந்து வெளியே விரியும் நுண்கோடுகள் விழுகின்றன. அந்தக் கோடுகள் அடுத்தடுத்த காசுகளில் பதிகின்றன. கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத இந்தக் கோடுகள் எல்லாம் சேர்ந்து ஒளியைத் திருப்பும் விதத்தைத்தான் புதுக்காசின் பொலிவு என்கிறோம். ஒற்றை மின்குமிழின் கீழ்க் காசைச் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுற்றினால், நடுவிலிருந்து விளிம்புவரை இரண்டு ஒளிப்பட்டைகள் காசோடு சேராமல் தனியே சுழலும். பொலிவு இருக்கிறதென்றால் அந்தப் பரப்பில் அடித்த நாளிலிருந்து யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். குழல்விளக்கின் கீழ் இது தெரியாது. அதன் பரந்த ஒளி கீறலையும் பொலிவையும் ஒருசேர மறைத்துவிடும். நகைக்கடை வெளிச்சத்தில் காசு வாங்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வார்த்தெடுத்த போலிக்கு இந்த ஓட்டக் கோடுகள் வாய்ப்பதில்லை. இரத்தினக்கல் வியாபாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால், வார்ப்பின் எழுத்து ஓரங்கள் கூர்மையற்று மழுங்கி நிற்கும், வெற்றுப் பரப்பில் காற்றுக் குமிழியின் ஊசிமுனைக் குழிகள் தெரியும். அச்சில் அடித்த போலி இன்னும் தந்திரமானது, ஆனால் அதுவும் ஓரிடத்தில் காட்டிக்கொடுக்கும். கள்ள அச்சைச் செய்பவர் பெரும்பாலும் ஓர் அசல் காசிலிருந்தே அதைப் படியெடுக்கிறார். அந்த அசல் காசு சந்தையில் புரண்டபோது கன்னத்தில் ஏற்பட்ட ஒரு சிறு குழியும் சேர்ந்து படியாகி, பிறக்கும் எல்லாப் போலியிலும் அதே இடத்தில், அதே வடிவில் தோன்றும். தற்செயலாக விழும் வடு இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் விழ வாய்ப்பில்லை. ஆகவே ஒரே வடுவுள்ள இரண்டு காசுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவுடன் இரண்டுமே மாட்டிக்கொள்கின்றன. பழைய காசுகளின் தெளிவான படங்களைச் சேர்த்துவைப்பது ஏன் முக்கியம் என்பது இங்கே விளங்கும்: தனிக்காசு தன்னைப் பற்றிச் சொல்லும் பொய்யை இன்னொரு காசுதான் வெளிக்கொணர்கிறது.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை. ‘இத்தனை பழைய காசு இவ்வளவு பளபளப்பாக இருக்க முடியாது’ என்று அசலைத் தள்ளிவிடுவதும் தவறே. 1925 என்று பொறித்த இலண்டன் பவுண்கள் பல, 1949, 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் அதே பழைய அச்சுகளைக் கொண்டு அடிக்கப்பட்டவை. அவை பெரும்பாலும் யார் கையிலும் புரளாமல் வங்கிப் பைகளில் கிடந்தவை. அவற்றின் பொலிவு இயல்பானது. பழமைக்கும் தேய்வுக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லை. புழங்கிய காலம்தான் தேய்க்கிறது, கழிந்த காலம் தேய்ப்பதில்லை.

அந்தத் தேய்வை எண்ணாக்குவதுதான் தரப்படுத்தல். அமெரிக்கப் பழங்காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோல் இன்று உலகெங்கும் பொற்காசுகளுக்கும் பயன்படுகிறது. 60க்கு மேற்பட்டவை புழக்கத்துக்கே போகாதவை. அதற்குக் கீழே இறங்க இறங்கத் தேய்வு கூடும். புழக்கத்தின் உரசல் முதலில் மேடுகளைத் தொடும்: ஐந்தாம் ஜோர்ஜின் பவுணில் புருவம், தாடி, மீசை, மறுபக்கம் புனித ஜோர்ஜின் தலைக்கவசம், தொடை, குதிரையின் மார்பு. மேடு மழுங்கியும், எழுத்துகளின் இடுக்கில் பொலிவு ஒட்டிக்கொண்டும் இருந்தால் அது நேர்மையான தேய்வு. மேடும் பள்ளமும் ஒரே சீராக மங்கியிருந்தால், யாரோ அதைப் பழசாக்கிக் காட்டக் குலுக்கியிருக்கிறார்கள் அல்லது தேய்த்திருக்கிறார்கள். இந்த நுட்பம் எவ்வளவு மெல்லிய படலத்தில் நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரித்தானியாவின் 1870ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, பவுணின் நிறை 122.5 கிரெயினுக்கு, அதாவது 7.938 கிராமுக்குக் கீழே போனால் அது செல்லாது. புதுக்காசுக்கும் செல்லாக்காசுக்கும் இடையே 50 மில்லிகிராம். அதைக் காசின் இரு முகங்களிலும் விளிம்பிலும் சமமாகப் பரப்பினால் கிடைக்கும் தடிப்பு சுமார் 3 மைக்ரோமீற்றர், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று பங்கு. ஒரு பவுணின் புழக்க வாழ்க்கை முழுவதும், தரப்படுத்துபவர் வாசிக்கும் அத்தனையும், ஏறத்தாழ அந்த அளவுக்குள் முடிந்துவிடுகிறது. மெருகுச் சக்கரத்தில் பிடித்தால் அது போக எத்தனை நொடி வேண்டும்?

‘தங்கம் துருப்பிடிக்காது, கறுக்காது, துடைத்துப் பளபளப்பாக்கினால் என்ன கெட்டுவிடும்?’ என்பது நம்மிடையே மிகப் பரவலான மறுப்பு. பூசைக்கு வைக்கும் காசைப் புளி போட்டுக் கழுவுவதை மரியாதையாகவே செய்கிறோம், அந்த மனம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் மறுப்பின் முதற்பாதி தூய தங்கத்துக்கே முழுதாகப் பொருந்தும். 22 கரட் காசில் 12இல் ஒரு பங்கு செம்பு இருக்கிறது. சரியாகக் கலவாத இடங்களில் அது செம்பழுப்புப் புள்ளிகளாக வெளிப்படும். கண்டியின் ஈரக்காற்றில் அதற்கு வாய்ப்பு கூடுதல். அந்தப் புள்ளி காசுக்கு ஊறு அன்று, அது பழைய முறையில் உருக்கி வார்த்த கலவை என்பதற்குச் சாதகமான அடையாளம். பளபளப்பாக்கும்போது நீங்குவது அழுக்கு மட்டுமன்று, ஓட்டக் கோடுகளும்தான். அவற்றுக்குப் பதில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தர நிறுவனங்கள் இத்தகைய காசை அசல் என்று ஒப்புக்கொண்டாலும் எண் கொடுப்பதில்லை. ‘துப்புரவு செய்யப்பட்டது’ என்று எழுதி நிறுத்திக்கொள்கின்றன.

நகையாக மாறிய காசின் நிலை இன்னும் சிக்கலானது. பதக்கமாக்க விளிம்பில் வளையம் பற்றவைக்கும்போது காசு செஞ்சூடாகிறது. மேற்பரப்பிலுள்ள செம்பு ஒட்சிசனோடு சேர்ந்து கறுக்கிறது, நொக்ஸ் கண்ட சோதனையில் நடப்பதுபோலவே. கறுத்த காசைத் தட்டார் அமிலத்தில் போட்டு எடுப்பார், கருமை கரைந்துவிடும். கூடவே மேற்பரப்பின் செம்பும் போய்விடும். எஞ்சுவது உள்ளே இருப்பதைவிடத் தங்கம் மிகுந்த ஒரு மெல்லிய தோல், நிறத்தில் மஞ்சள் கூடியது, நுண்துளைகள் நிறைந்தது. சூடும் அமிலமும் எத்தனை முறை மாறி மாறி வந்தனவோ அத்தனைக்கு அந்தத் தோல் தடிக்கும். கலப்படப் பொன்னை உயர்ந்த பொன்போல் காட்டும் இந்த வித்தையைத் தென் அமெரிக்கப் பழங்குடிப் பொற்கொல்லர்கள் கொலம்பசுக்கு முன்பே கைவரப் பெற்றிருந்தார்கள். நம் தட்டார்கள் நகைக்கு நிறமேற்றும் முறையும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. நகைக்கு அது அழகு. காசுக்கு அது ஒரு பொய்த்தோல், யாரும் ஏமாற்ற நினைக்காமலே உண்டாகும் பொய்த்தோல்.

இந்தப் பொய்த்தோல் கருவிகளையும் ஏமாற்றும். இப்போது நகை வியாபாரத்தில் நம்பிக்கைக்குரியதாகிவிட்ட எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி, கதிரைக் காசின்மேல் பாய்ச்சித் திரும்பி வரும் கதிர்களைக் கொண்டு கலவையைச் சொல்கிறது. கீறாமல், நொடிகளில், தசம எண்ணோடு விடை கிடைக்கிறது. ஆனால் தங்கம் கதிர்களைப் பெரிதும் விழுங்கும் உலோகமாகையால் கருவிக்குத் திரும்பி வருவது மேலேயுள்ள சில மைக்ரோமீற்றர் ஆழத்துச் செய்தி மட்டும். ஒன்றரை மில்லிமீற்றர் தடித்த காசின் நடுவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எண் துல்லியமானது என்பதற்காக அது முழுக்காசின் எண் ஆகிவிடாது.

இந்த வேறுபாடு பவுணைவிட இலங்கையின் சொந்தப் பழங்காசுகளில் கடுமையாக உணரப்படும். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் இங்கு புழங்கிய கஹவணு என்ற பொற்காசின் ஒரு பக்கத்தில் நிற்கும் உருவம், மறுபக்கத்தில் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ லங்காவிபு’ என்ற பொறிப்பு. நிறை நாலு கிராமுக்குச் சற்று மேல்; பழைய கணக்கில் 20 மஞ்சாடி கொண்ட ஒரு கழஞ்சு. பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் பேசும் ஈழக்காசை ஆய்வாளர்கள் இவற்றோடு தொடர்புபடுத்துகிறார்கள். நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட அதே அமைப்பை முதலாம் இராசராசன் தன் பெயரைப் பொறித்து எடுத்துக்கொண்டான். பின்னால் வந்த காசுகளில் பொன் குறைந்துகொண்டே வந்து, 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகுவின் காலத்தில் செப்புக்காசே முதன்மை பெற்றது. எச்.டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் இந்த வரிசையை ஒழுங்குபடுத்திக் காட்டியது. பொன் எப்போது, எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பது வெறும் காசுக் கணக்கன்று. சோழர் படையெடுப்பு, கடல்வணிகம், அரசின் கருவூல நெருக்கடி எல்லாவற்றுக்கும் அது அளவுகோல். கலப்புள்ள காசு ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தால் அதன் மேற்பரப்புச் செம்பும் வெள்ளியும் மெல்ல அரித்துப் போகும். தோலில் தங்கம் மிகும். அந்தத் தோலை மட்டும் கருவி அளந்தால் பொன் குறைந்த காசும் பொன் நிறைந்ததாகத் தோன்றும், வரலாற்றின் சரிவு ஏற்றமாகத் தெரியும். தண்ணீரில் தொங்கவிட்டு எடுத்த அடர்த்தி முழுக்காசையும் பற்றிப் பேசுவதால், அந்த எண்ணையும் கருவியின் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் தோலுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி வெளிப்படும். ஒரு புதிய போலிக்கு அந்த இடைவெளி இராது, அல்லது அமிலத்தில் அவசரமாக உண்டாக்கிய தோலாக இருக்கும். எழுத்தின் இடுக்கில் உலோகத்தோடு இறுகிப்போன மண்படிவு அதனிடம் இருக்காது. அந்தப் படிவைப் புளியும் பல்துலக்கியும் கொண்டு அகற்றுபவர், காசு அசல் என்பதற்கான மிக வலுவான சாட்சியைத் தண்ணீரோடு ஊற்றிவிடுகிறார்.

கண் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும், அதை எப்படி அறிவியல் என்று ஏற்பது என்ற மறுப்பு எஞ்சியிருக்கிறது. அதில் உண்மை உண்டு. ஒரே காசுக்கு ஒருவர் 62 கொடுப்பார், இன்னொருவர் 64 கொடுப்பார். அதே நிறுவனத்துக்கு இரண்டாம் முறை அனுப்பினால் எண் மாறுவதும் நடக்கிறது. அந்த இரண்டு எண்களுக்கிடையே விலை பெரிதாக மாறுவது சந்தையின் கோளாறு என்றே கருதுகிறேன். ஆனால் 62ஆ 64ஆ என்பது வேறு, பொலிவு இருக்கிறதா இல்லையா என்பது வேறு. சுழலும் ஒளிப்பட்டை, ஒரே திசைக் கீறல், இரண்டு காசில் ஒரே வடு, சுரண்டிய நிலக்கோடு ஆகியவை இரசனையைச் சார்ந்தவை அல்ல. எவர் பார்த்தாலும், படமெடுத்தாலும், நுண்ணோக்கியில் வைத்தாலும் ஒன்றுபோலத் தெரிபவை. கண்ணை நம்பச் சொல்லவில்லை. கண்ணுக்கு எட்டும் சான்றைப் பதிவுசெய்யச் சொல்கிறேன். கருவியும் கண்ணும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் காசு பேசத் தொடங்குகிறது.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம், பழம்பொருள் எது என்பதற்கு வகுத்த எல்லை 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். முதல் பவுண் காசு அடிக்கப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டுகள் பின்பு. அந்த எல்லையின்படி கஹவணு ஒரு பக்கம், பவுண் மறுபக்கம். வயலிலோ கட்டடத்துக்கு வாணம் தோண்டும்போதோ பழங்காசு அகப்பட்டால் அது கண்டெடுத்தவரின் சொத்தாகிவிடாது, தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு. பறிபோய்விடுமே என்ற அச்சத்தில் இரகசியமாக நகைக்கடைக்குப் போகும் காசு உருகி வெறும் கிராம் ஆகிவிடுகிறது. தெரிவிப்பவருக்கு உரிய நன்மதிப்பும் ஈடும் விரைவாகக் கிடைக்கும் என்று மக்கள் நம்பினாலன்றி இது மாறாது. சட்டத்தின் கடுமையைக் கூட்டுவதால் மட்டும் மாறப்போவதில்லை.

பவுண் விடயத்தில் நகைக்கடைகளே பெரிதும் உதவ முடியும். உருக்குக்கு வரும் ஒவ்வொரு காசையும் நிறுத்து, தண்ணீரில் நிறுத்து, ஒற்றை விளக்கைச் சாய்வாக வைத்து இரு முகத்தையும் விளிம்பையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்கலாம். நிலக்கோட்டில் என்ன எழுத்து என்று பார்த்து எழுதலாம். கண்டித் தலதா மாளிகைக்கு அருகே பழைய அரண்மனைக் கட்டடத்தில் இருக்கும் தேசிய நூதனசாலையும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையும் இத்தகைய பதிவுகளைப் பெற்றுக்கொள்ள முன்வந்தால், ஒரே வடுவுள்ள போலிகள் சில ஆண்டுகளுக்குள் தாமாகவே வரிசைகட்டி நிற்கும். வீட்டில் காசு வைத்திருப்பவர் செய்யவேண்டியது அதைவிடக் குறைவு: கழுவாமல், துடைக்காமல், விளிம்பைப் பிடித்து எடுத்து, பச்சை பிடிக்கச் செய்யும் மலிவான பிளாஸ்ரிக் உறையில் இடாமல், அமிலம் சேராத கடதாசியில் மடித்து வைக்கலாம். பற்றவைத்த வளையத்தைக் கழற்றவும் வேண்டாம். கழற்றும் சூடு இரண்டாவது முறையாக மேனியைக் கெடுக்கும். சோதனை அவசியமானால் முதலில் படம், பின்பு தண்ணீர், அதன்பின் கருவி. உரைகல் கடைசியில், அதுவும் வளையம் இருந்த விளிம்பில் மட்டும்.